முளை அடிக்காத கூடாரம்

இன்று காலை உன் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. புளித்துப்போன தயிரும் வாந்தியும் கலந்தது மாதிரி. பின்னால் நின்ற உன் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். உன் அப்பா கிணற்றோரம் வரை பின்வாங்கினார். இரண்டு பேரும் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

“இது அவன் வாடை இல்ல மாமி. துணியோட வாடை. உள்ள பூசின கோட்டிங் கெட்டுப்போச்சு. எந்த டெண்டா இருந்தாலும் இப்பிடித்தான் ஆகும்.”

ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. அந்த வித்தை எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். மழை உள்ளே இறங்காமல் இருக்கத் துணியின் உட்புறம் ஒரு பூச்சு கொடுப்பார்கள். ஈரத்தோடு மூடி வெக்கையில் போட்டுவைத்தால் அது சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தோல் மாதிரி உரியும், நாறும். டெண்ட் வாங்குகிறவனுக்கு எல்லாரும் சொல்லும் முதல் எச்சரிக்கையே இதுதான்: நனைந்ததை மூடிவைக்காதே. உன்னுடையதை நனைந்தபடியே மூடினோம். ஐப்பசியில் பெய்கிற துலாமழை அதன்மேல் பெய்து ஓய்ந்தது. பிறகு மாசி, பங்குனி என்று கும்பத்து வெயில், மீனத்து வெயில். ஆறு மாதம். ஜிப்பை இழுத்து மூடியவன் நான்தான்.

நீ அதற்குள்தான் செத்துப்போனாய். ‘மறைந்தாய்’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நீ எங்கும் மறையவில்லை. கரமனையில் உன் வீட்டுக் கொல்லையில், மழை விட்டும் விடாத ஒரு காலையில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கச் செத்தாய். அந்த டெண்டை நீ ஏன் வாங்குகிறாய் என்று கடையில் நின்று உன்னோடு கத்தினேன். இன்றும் சொல்கிறேன், பைக் பயணத்துக்கு அது தப்பான டெண்ட்.

நமக்குப் பொதுவாக இருந்தது தமிழ் ஒன்றுதான். பாலிடெக்னிக் வகுப்பில் மற்ற எல்லாரும் மலையாளம். நீ அக்ரகாரத்துப் பையன். அப்பா கோயில் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலைக் கம்போளச் சந்தைக்கு மூட்டை இறக்க வந்து, ஒரு பாத்திரக் கடையில் நின்றுவிட்டவர். உன் தமிழ் எனக்குச் சிரிப்பு, என் தமிழ் உனக்குச் சிரிப்பு. சண்டை முற்றினால் இருவரும் மலையாளத்துக்கு மாறிவிடுவோம். அதில் இருவருக்கும் சம பலம். படிப்பு முடிந்து நீ ஒரு கட்டட நிறுவனத்தில் வீட்டுப் படம் வரையப் போனாய். நான் லிஃப்ட் சர்வீஸுக்குப் போனேன். வாரம் முழுவதும் நீ அறைகளை வரைந்தாய், நான் இருட்டுப் பள்ளங்களில் இறங்கி எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் கட்டடமே இல்லாத இடம் வேண்டியிருந்தது. அதனால் பைக், அதனால் டெண்ட்.

முதல் டெண்ட் நினைவிருக்கிறதா? ஆன்லைனில் வந்த மலிவுச் சரக்கு. ஒற்றைத் துணி. வித்துரா தாண்டி, உன் சைட் சூப்பர்வைசரின் ரப்பர் தோட்டத்தில் அடித்தோம். விடியும்போது மேல்துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக முகத்தில் விழுந்தது. நீ ஜிப்பை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தாய்.

“வெளியே பெய்யலைடா. இங்கேதான் பெய்யறது.”

“எடேய், அது மழையில்ல. நாம விட்ட மூச்சு. போக வழியில்லாம துணியில பட்டுத் தண்ணியா நிக்கி.”

நீ விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாய். “என் மூச்சுல இவ்வளவு தண்ணியா? பரவால்லையே!” என்றாய், ஏதோ சொத்து கண்டுபிடித்தவன் மாதிரி.

அதற்குப் பிறகு நல்ல டெண்ட் ஒன்று வாங்குவது என்று முடிவானது. ஒரு வருஷம் அதைப் பற்றித்தான் சண்டை போட்டோம். என் கட்சி தெளிவானது. முதுகில் சுமந்து நடப்பவனுக்கு எடை முக்கியம். பைக்கில் போகிறவனுக்கு நீளம் முக்கியம். மடித்த கம்பி முழங்கை நீளத்தைத் தாண்டினால் பக்கப் பெட்டிக்குள் போகாது, பின்னால் குறுக்கே கட்டவேண்டிவரும், வளைவில் பஸ் உரசும். இரண்டு அடுக்குத் துணி வேண்டும், நடுவே காற்று போகவேண்டும். காற்றுக்குத் தாழ்வாக நிற்கவேண்டும். ரோட்டில் போகிறவன் கண்ணில் படாத நிறம் வேண்டும். நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நீ டெண்ட் வாங்கலை, கேட்டோ, மெஷின் வாங்கறாய்” என்பாய். அதற்கு மேல் வாதம் செய்யத் தோன்றாவிட்டால் “போட்டேடா.” போகட்டும் என்று பொருள். எதையும் அந்த ஒரு சொல்லில் முடித்துவிடுவாய். எனக்கு எரிச்சலாக வரும். புது டெண்டோடு முதலில் மேகமலைக்குப் போவது என்பதில் மட்டும் சண்டையே இல்லை.

பிறகு உன் வயிறு. முதலில் வாயு என்றார்கள். பிறகு புண் என்றார்கள். ஸ்கேன் எடுத்தபோது கட்டி கல்லீரல் வரை போயிருந்தது. டாக்டர் உன்னிடமும் என்னிடமும் நெடுநேரம் பேசினார். சரிசெய்ய முடியாது என்பதைச் சொல்லாமல் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும் என்று எனக்குத் தெரியும்; பழைய லிஃப்ட் வைத்திருக்கிறவர்களிடம் நானே அப்படிப் பேசியிருக்கிறேன். வெளியே வந்து நீ கேட்டது ஒன்றே ஒன்று.

“ஓண ஆஃபர் முடியறதுக்குள்ளே டெண்ட் வாங்கணும். வரியா?”

எனக்கு அது பிடித்திருந்தது. இவன் மேகமலையை விடவில்லை என்று நினைத்தேன்.

பைபாஸ் ஓரத்துக் கடையில் மூன்று நான்கு டெண்டுகளை விரித்து நிறுத்தியிருந்தார்கள். நான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஒன்று அங்கே இருந்தது. இருவர் படுப்பது, தாழ்வானது, இலைப்பச்சை, மடித்தால் கைக்குள் அடங்கும். நீ அதைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் நின்ற பெரியதிடம் போனாய். மூன்று பேர் படுப்பது. இரண்டு பக்கமும் வாசல். உள்துணி வெள்ளை.

“எடேய், இது டெண்டா கல்யாணப் பந்தலா?”

“முளை அடிக்காமலே நிக்கறது பாரு.”

“முளை அடிச்சா என்ன? நாம போறது மண்ணுக்குத்தான.”

“பாறையா இருந்தா?”

“பாறையா இருந்தா இடத்தை மாத்துவோம். கம்பியைப் பாரு நீ. பெட்டிக்குள்ள போகாது.”

“பின்னாடி கட்டிக்கலாம்.”

“பின்னாடி நீ உக்காரணும்லா!”

அப்போது உன்னால் வண்டி ஓட்ட முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மல்லாந்து படுத்தாய், கை இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நேராக. கடைக்குள் அப்படிப் படுக்கிறாயே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

“வா. பக்கத்துலே உக்காரு. தலை முட்டறதா?”

“முட்டல.”

“உன்னைவிடக் குட்டையா ஒருத்தர் உக்காந்தா காலை நீட்டிக்கலாமோ?”

“மேகமலைக்கு எவன்ல குட்டையா வாரான்?”

“சொல்லேன்.”

“நீட்டலாம்.”

“அந்தப் பக்கத்து வாசலைத் தொற. ஒருத்தரைத் தூக்கிண்டு குனியாம வெளியே போக முடியுமா பாரு.”

நான் வாசலைத் திறக்கவில்லை. வெள்ளைத் துணி ஒரே பயணத்தில் சகதியாகும், காற்று இந்த உயரத்தைச் சாய்த்துவிடும், உனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று கத்தினேன். கடைக்கார அண்ணன் நடுவில் வந்தார். “சாரே, அவருக்கு இஷ்டமானது எடுக்கட்டே. பெட்டி வலுது வாங்கிச்சா மதியல்லோ.” நீ சிரித்தாய். அவர் கணக்கில், பெட்டியைப் பெரிதாக மாற்றினால் தீர்ந்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் இன்னும் கோபம் வந்தது. பந்தலை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு கொல்லையில் நிறுத்திப் பார்க்கக் கூப்பிட்டாய். உன் வீடு எனக்கு மனப்பாடம். முன்பகுதி போட்டோகாப்பிக் கடைக்கு வாடகை. பிறகு ஒரு ஹால், கொல்லையைப் பார்த்தபடி பக்கம் பக்கமாக ஒரு அறையும் சமையலறையும், கடைசியில் கொல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். கொல்லை முழுவதும் சிமெண்ட், மூலையில் கிணறு. உன் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள். இருந்த ஒரே அறையை உனக்கு விட்டுவிட்டு, அந்த வயிற்றோடு ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள்.

கம்பிகளைக் கோத்து வளைத்தேன். துணி எழுந்து நின்றது. சிமெண்டில் முளை அடிக்க வழியில்லை, தேவையும் இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நீ உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு சொன்னாய்:

“நான் இனிமே இங்கேதான்டா.”

“டிரையலா?”

“டிரையல் இல்லை.”

சமையலறை வாசலில் நின்றிருந்த உன் அம்மா சட்டென்று உள்ளே திரும்பினார். ஹாலிலிருந்து உன் அப்பா வரவே இல்லை. நீ எனக்குச் சொன்னாய், ஒரு பிளானை விளக்குகிற மாதிரி. சில நட்சத்திரங்களில் உயிர் போனால், போன அறையை அடைத்துவிடுவார்கள். இரண்டு மாதம், மூன்று மாதம், நட்சத்திரம் மோசமென்றால் ஆறு மாதம். அதுவரை அங்கே யாரும் புழங்கக் கூடாது. அடைப்பு என்று பெயர். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் பெரியப்பா அதே அறையில் இறந்து, ஆறு மாதம் அது பூட்டிக் கிடந்தது. நாலு பேரும் ஹாலில். உன் தங்கை வயசுக்கு வந்தது அந்த ஹாலில்தான். அவளுக்கு உட்கார ஒரு மறைவு இல்லாமல் உன் அம்மா இரண்டு நாற்காலிக்கு நடுவே புடவை கட்டியதை நீ மறக்கவில்லை.

“இப்போ கொழந்தை பொறக்கப்போறது. இருக்கிற ரூமை நான் எடுத்துண்டு போயிட்டா அதை எங்கே போடுவா?”

நான் எழுந்து நேராக ஹாலுக்குப் போனேன். உன் அப்பா நாற்காலியில் இருந்தார்.

“மாமா, நட்சத்திரம் பார்த்துப் பெத்த பிள்ளையை வெளியில போடுதீங்களா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் போடலைடா. அவன் போறான்.”

“நீங்க வேண்டாம்னு சொல்லணும்லா?”

“சொன்னேன். ஒரு தரம் சொன்னேன். ரெண்டாந்தரம் சொல்ல வாய் வரலை” என்றார்.

சமையலறையிலிருந்து உன் அம்மாவின் குரல்: “நான் தினம் சொல்றேன்! ரூம்லயே கெட. பூட்டினா பூட்டட்டும். நான் கொழந்தையை அடுக்களையிலே போட்டு வளத்துக்கறேன். கேக்க மாட்டேங்கறானே!”

நான் பதில் சொல்வதற்குள் கொல்லையிலிருந்து நீ கூப்பிட்டாய். சத்தம் போட உனக்குத் தெம்பில்லை, இருந்தும் போட்டாய்.

“எடேய், அவரை விடு. இங்கே வா.”

வந்து உட்கார்ந்தேன். தலை முட்டவில்லை.

“அப்பா வாயால ஒண்ணும் சொல்லலைடா. ஹால் அலமாரியிலே இருந்த பஞ்சாங்கம் ரூம் வாசல் ஸ்டூலுக்கு வந்தது. அவ்வளவுதான். பாவம், அவருக்கே தெரியாம வந்திருக்கும்.”

“நீ நம்புதியா இதை? நேரா சொல்லு.”

“நான் நம்பினா என்ன, நம்பாட்டா என்ன? அவா நம்பறா. அடைக்காம விட்டா, நாளைக்குக் கொழந்தை ஒரு தும்மல் போட்டாப் போறும், அம்மா திரும்பி அந்த ரூமைப் பார்ப்பா. ஜுரம் வந்தா தங்கை பார்ப்பா. நான் யாருக்கும் தோஷமா இருக்க மாட்டேன்டா. போட்டே. நீ மேல்துணியைச் சரியா இழுத்துக் கட்டு, மழை வரது.”

அந்தத் தடவை உன் ‘போட்டே’க்கு என்னால் எரிச்சல்பட முடியவில்லை. கடையில் நீ கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அங்கே உட்கார்ந்தபோது எனக்குப் புரிந்தது. சிமெண்டில் நிற்கவேண்டும். அம்மா பக்கத்தில் காலை நீட்டி உட்காரவேண்டும். நர்ஸ் பார்க்க வெளிச்சம் வேண்டும், அதனால் வெள்ளை. இரண்டாவது வாசல் எதற்கென்று எழுத விருப்பமில்லை. உன் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நீ என்னைவிட நன்றாக டெண்ட் தேர்ந்தெடுத்திருந்தாய். பயணம்தான் வேறு.

கோபம் தணியவில்லை, வேலையில் இறக்கினேன். எங்கள் கம்பெனி குடோனிலிருந்து மரப் பலகைகள் கொண்டுவந்து அடியில் போட்டு உயர்த்தினேன். மேலே தார்ப்பாய் கட்டினேன். மெத்தை, மின்விசிறி, அழைப்பு மணி. மணியின் பொத்தான் உன் கைக்கு அருகே, ஒலி சமையலறையில். வலி தணிக்க வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ் சிஸ்டர் முதல் நாள் வாசலில் குனிந்து, “எந்தா மோனே, டூரா?” என்றார். “ஆமா சிஸ்டர், ஒன் வே” என்றாய். சிஸ்டர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உன் காலை ஒரு தட்டுத் தட்டினார். மருந்து பாட்டிலை டெண்டின் உச்சியில் விளக்கு மாட்டுகிற வளையத்தில் தொங்கவிட்டார். அந்த வளையம் எவ்வளவு எடை தாங்கும் என்று நான் அவருக்கு விளக்கியபோது, “இவன் இங்ஙனத்தன்னெயா எப்பவும்?” என்று உன்னிடம் கேட்டார். எப்போதும் இப்படித்தான் என்று நீ தலையாட்டினாய்.

வேலை முடிந்து நேரே உன்னிடம் வருவேன். நீ ஒரே ஒரு காரியம் கேட்பாய்: “டெண்ட்ல குறை சொல்லு.”

“எதுக்கு?”

“சொல்லுடா. நீ ஏதாவது ஒண்ணைத் திட்டிண்டிருந்தாத்தான் சாதாரண நாளாட்டம் இருக்கு.”

சொல்வேன். தையல் ஓரத்தில் டேப் சரியில்லை. ஜிப்பின் பல் மட்டம். கம்பி கனம். இதைத் தூக்கிக்கொண்டு மேகமலை ஏறினால் கம்பம் ஊர் தாண்டுவதற்குள் வண்டி படுத்துவிடும். நீ கண்ணை மூடிக் கேட்பாய். வலி வந்தால் உன் வாய் ஒரு பக்கம் இழுக்கும், நான் நிறுத்துவேன், நீ கையை அசைப்பாய், மேலே சொல் என்று. கடைசி வாரத்தில் எனக்குக் குறைகள் தீர்ந்துவிட்டன. இட்டுக்கட்டினேன். உனக்குத் தெரிந்தது.

“அது பொய்,” என்றாய். “ஜிப் நன்னாத்தான் இருக்கு.”

கடைசி இரண்டு நாளும் விடாத மழை. மூன்றாம் நாள் காலை சாரலாகக் குறைந்தது. உன் அம்மா இடது பக்கம், காலை நீட்டி. நான் வலது பக்கம். மூச்சு நீளமாக வந்தது, பிறகு இடைவெளி விட்டு வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் உன் அம்மா உன் பெயரைச் சொன்னார், தூங்குகிறவனைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரலில். ஓர் இடைவெளி முடியவே இல்லை. உன் தங்கை அறை ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி கிட்டே வரக் கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள்.

உன் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. புரோகிதம் செய்கிற வாத்தியார் வந்து பார்த்தார். சதயம். ஆறு மாதம்.

“ஆத்துக் கூரை வேற, இது வேற,” என்றார் வாத்தியார். “பிராணன் போன இடம் இதுதானே. இதை அடைச்சாப் போறும். ஆத்துக்கு ஒண்ணும் இல்லை.”

உன் அப்பா அப்போதுதான் அழுதார். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு. என்ன அழுகை அது என்று எனக்குத் தெரியாது. மகன் போனதற்கு மட்டும் என்றால் காலையிலேயே அழுதிருப்பார்.

உன்னை அந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் எடுத்தோம். குனியத் தேவையிருக்கவில்லை.

எல்லாம் முடிந்து கரமனை ஆற்றில் முழுகித் திரும்பியபோது, டெண்டை அடைக்கச் சொன்னார்கள். யாருக்கும் அந்த ஜிப் பழக்கமில்லை. நான் போனேன். மேல்துணியின் உட்பக்கம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர்.

“ஈரமா இருக்கு மாமா. காய வச்சிட்டு மூடணும். இப்பிடியே மூடினா கெட்டுரும்.”

“கெடட்டும்டா,” என்றார். “மூடு.”

மூடினேன். இரண்டு வாசலையும். நான் கற்ற எல்லாவற்றுக்கும் எதிராக.

குழந்தை கார்த்திகையில் பிறந்தது. பெண். அந்த அறையில்தான் வளர்கிறாள். இன்று வாத்தியார் சாந்தி செய்து தண்ணீர் தெளித்து, இனித் திறக்கலாம் என்று சொன்னபோது உள்ளே பாலுக்கு வீறிட்டுக்கொண்டிருந்தாள். உன் தங்கை ஜன்னலைத் திறந்து, “அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்கோ, நானும் வரேன்” என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்குக் கிட்டே வர முடியாதவள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அப்போதுதான் ஜிப்பை இழுத்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. மெத்தையை அன்றைக்கே எடுத்துவிட்டோம். உச்சி வளையத்தில் ஒரு துண்டுக் கயிறு. தரைத்துணியில் உரிந்து விழுந்த பூச்சு, சாம்பல் மாதிரி.

உன் அம்மா நெடுநேரம் பார்த்தார். “மூடியிருந்தப்போ உள்ளே இருக்கான்னே நெனைச்சுண்டிருந்தேன்டா,” என்றார். “துணி உலத்த வரச்சே எல்லாம், தூங்கறான், சத்தம் போடப்படாதுன்னு நெனைப்பேன். தொறந்தப்பறம்தான் இல்லைன்னு ஆச்சு.”

நான் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

துணியை மடிக்கும்போது கையெல்லாம் பிசுபிசுத்தது. அப்போதுதான், வாடை வந்தபோது மாமியிடம் நான் சொன்ன பதிலை மறுபடி யோசித்தேன். துணியின் வாடை என்றேன். சரிதான். பூச்சைக் கெடுத்தது ஈரம், அதுவும் சரி. ஆனால் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? மேலே தார்ப்பாய் இருந்தது. மழை ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை, நானே பார்த்துக் கட்டியது. அன்று உட்பக்கத்தில் நின்ற அந்தத் தண்ணீர் மூச்சு. உன் அம்மா விட்டது, நான் விட்டது, நீ விட்டது. அதைத்தான் உள்ளே வைத்து மூடினேன். ஆகவே நான் சொன்ன பதிலில் ஒரு பிழை இருக்கிறது. மாமியிடம் அதைத் திருத்தவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

“இனி இது உபயோகப்படுமோ?” என்று உன் அப்பா கேட்டார்.

“படாது மாமா.”

துணியை அவர்களே கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கம்பிகளும் முளைப் பையும் எனக்கு. முளைகள் கடையில் கட்டிய முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தன. கம்பியில் ஒரு வளைசல் இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கப் பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். போகவில்லை. குறுக்காகச் சாய்த்தும் பார்த்தேன். போகவில்லை. வேறு வழியில்லாமல் பின்சீட்டில் குறுக்கே வைத்து, நீ உட்காரவேண்டிய இடத்தில், இரண்டு கயிறு போட்டுக் கட்டினேன்.

கரமனைப் பாலத்தில் ஒரு சிட்டி பஸ் ஒட்டி வந்து கம்பி நுனியை உரசிவிட்டுப் போனது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நிலைக்கு வந்தது. நான் ஓரங்கட்டி, திரும்பிப் பார்த்து, சத்தமாகவே சொன்னேன்.

“நான் அப்பவே சொன்னேன்லா.”